மூன்றாம் தூண்

ஏப்ரல் 17

இன்று சுரண்ட ஆரம்பித்துவிட்டோம். குப்பத்து மீன் ஏலக்கூடத்தின் கிழக்குச் சுவர் முழுக்க உப்புப் பூத்துக் கிடக்கிறது. கம்பி பிரஷால் தேய்த்தால் மாவாக உதிர்கிறது. சுவருக்குள் இருக்கும் ஈரம் உப்பைக் கரைத்துக்கொண்டு வெளியே வந்து, காயும்போது அதை மேலே விட்டுவிடுகிறதாம். அதன் மேல் எவ்வளவு நல்ல பெயிண்ட் அடித்தாலும் உரிந்துவிடும் என்று படம் வரைய வந்திருக்கும் பெண் சொன்னாள். சுரண்ட வேண்டும், கழுவ வேண்டும், காயவிட வேண்டும், மறுபடி பூத்தால் மறுபடி சுரண்ட வேண்டும்.

தூண்கள் பக்கம் இன்னும் யாரும் போகவில்லை.

ஏப்ரல் 18

அப்பா இரண்டு இட்லி சாப்பிட்டார்.

ஏப்ரல் 20

ஆள் பலத்துக்குக் குறைவில்லை. மீன்பிடித் தடைக்காலம் ஜூன் 14 வரை, மொத்தம் 61 நாள். காசிமேட்டில் விசைப்படகுக்குப் போகும் பையன்கள் எல்லாம் குப்பத்தில்தான் இருக்கிறார்கள். ஃபைபர் படகுக்காரர்களும் கரை திரும்பி வலையை உதறிப் போட்டதும் வந்துவிடுகிறார்கள். சவுக்குக் கம்பு கட்டிச் சாரம் போட்டது அவர்கள்தான். கயிறு கட்ட அவர்களுக்கு யார் சொல்லித்தர வேண்டும்?

பெயிண்ட் டின்கள் வைத்திருக்கும் அறையின் சாவி என்னிடம். பொறுப்பானவள் என்று கொடுத்திருக்கிறார்கள்.

ஏப்ரல் 22

சாயங்காலம் என்ன வரைவது என்று பேசினோம். கண்ணகி நகரில் 2020-இல் அடுக்குமாடிச் சுவர்களில் வரைந்தார்களே, அதுபோலப் பெரிய முகங்கள் போடலாம் என்றார்கள் சிலர். பெண்கள் ஒரே பேச்சாக மறுத்துவிட்டார்கள். முகம் வேண்டாம், மீன் வேண்டும். வடக்குச் சுவரில் அடையாற்று முகத்துவாரமும் 1977-இல் உடைந்த பாலமும். அதற்கு யாரும் மறுப்புச் சொல்லவில்லை.

ஏப்ரல் 24

சுவரில் நூல் அடித்துக் கட்டம் போட்டு, அந்தப் பெண் சாக்பீஸில் ஒரு வஞ்சிரம் வரைந்திருந்தாள். அழகாகத்தான் இருந்தது. சித்தி கூடையை இறக்கிவைத்துவிட்டு இடுப்பில் கை வைத்துப் பார்த்தாள். "இது ஏரிக் கெண்டை" என்றாள். உடம்பெல்லாம் வட்ட வட்டமாகச் செதில் போட்டிருந்தது.

சித்தி கூடைக்குள் கைவிட்டு முழங்கை நீள வஞ்சிரம் ஒன்றை எடுத்து, ஈரச் சாக்கில் கிடத்தினாள். அந்தப் பெண்ணின் விரலைப் பிடித்து மீனின் மேல் வைத்து நகர்த்தினாள். கையில் செதிலே தட்டாது. விலாவில் மேலிருந்து கீழாக நெளிநெளியாக இறங்கும் கோடுகள். வாலுக்கு முன்னால், முதுகிலும் வயிற்றிலும், ரம்பப் பல்போல வரிசையாகக் குட்டித் துடுப்புகள். "இதை விட்டால் இது வஞ்சிரமே இல்லை" என்றாள். அந்தப் பெண் தரையிலேயே உட்கார்ந்து நோட்டில் ஒவ்வொன்றாக எண்ணி வரைந்தாள். பிறகு ஈரத் துணியால் சுவரைத் துடைத்துவிட்டு முதலிலிருந்து தொடங்கினாள். எனக்கு அவளை மிகவும் பிடித்துவிட்டது.

ஏப்ரல் 27

தூக்கம் வரவில்லை. மூன்றாம் தூண்.

உள்பக்கம், என் தோள் உயரத்தில், அம்மாவின் கரிக்கோடுகள். அம்மாவுக்கு எழுதத் தெரியாது. கடனுக்குக் கொடுத்த கூடைக்கு ஒரு கோடு, ஐந்தாவது குறுக்கே. வரிசைக்கு ஒரு அடையாளம். சின்ன வட்டம், கம்மல் போட்ட அத்தை. பெருக்கல் குறி, மெயின் ரோட்டில் கடை வைத்திருந்தவர். கடைசி வரிசையில் ஒரு முக்கோணம். அது யார் என்று எனக்குத் தெரியவில்லை. மழைச் சாரல் படாத பக்கம் என்பதால் இத்தனை வருடம் அழியாமல் இருக்கிறது.

வெளியே சொன்னால், ஊர்ச் சுவருக்கு நடுவில் உன் வீட்டுக் கணக்கா என்று கேட்பார்கள். கேட்டால் அதில் தவறும் இல்லை.

மே 1

தூண்களுக்கு ப்ரைமர் அடித்தார்கள். மூன்றாவதில் இன்னும் ஈரம் இருக்கிறது, காயட்டும் என்று சொல்லிவிட்டேன். பொய்.

மே 4

அக்னி நட்சத்திரம் தொடங்கிவிட்டது. கிழக்குச் சுவரில் காலை எட்டு மணிக்கு மேல் கை வைக்க முடியவில்லை. பிரஷை எடுப்பதற்குள் பெயிண்ட் இறுகிவிடுகிறது. சரி, நிழல் விழுந்த பிறகு அடிக்கலாம் என்றால், அதற்குள் கடற்காற்று கிளம்பி மணலை வாரிக் கொண்டுவந்து ஈரப் பெயிண்டில் அப்புகிறது. இனி விடியற்காலை ஐந்தரைக்கே தொடங்குவதாக முடிவு. வஞ்சிரத்தின் கண் மட்டும் பாக்கி. அதைச் சித்திதான் வைக்க வேண்டும் என்கிறாள் அந்தப் பெண். சித்தி வெட்கப்பட்டு ஓடுகிறாள்.

மே 5

அப்பா ஒன்றும் சாப்பிடவில்லை.

மே 8

தம்பியும் பையன்களும் அப்பாவை நாற்காலியோடு தூக்கிக்கொண்டு வந்தார்கள். மீனைப் பார்த்தார், பாலத்தைப் பார்த்தார். எல்லோரும் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தோம். "உன் அம்மா கணக்கு இருக்கிறதா?" என்று என்னிடம் கேட்டார்.

இருக்கிறது என்றேன். முக்கோணம் யாருடையது என்று கேட்டேன்.

"அது நான்தான். குழம்புக்கு எடுக்கும் மீனைக்கூட என் பேரில் எழுதிவைப்பாள்" என்றார்.

முக்கோணத்துக்கு நேரே பதினேழு கோடுகள்.

மே 10

சித்தி கண் வைத்துவிட்டாள். கை நடுங்கவே இல்லை.

மே 11

மூன்றாம் தூண் காய்ந்திருக்கும், நாளைக் காலையில் முதல் வேலையாக அதை முடித்துவிடலாம் என்கிறார்கள். நாளை சொல்லிவிடுகிறேன். அந்தப் பெண்ணிடம் முதலில்.

மே 12

விடியற்காலை மூன்று மணி. அப்பாவுக்கு மூச்சு இழுக்கிறது. தம்பி ஆட்டோ கொண்டுவந்துவிட்டான். அறைச் சாவி என் இடுப்பில்தான் இருக்கிறது.