ஔவையாரைத் தேடி வந்த பிள்ளை

போன வருடம் ஒரு செவ்வாய்க்கிழமை பின்னேரம், சாதாரண தரம் படிக்கும் ஒரு பிள்ளை எங்கள் திருகோணமலை நூலகத்தில் என் மேசைக்கு வந்து, “மிஸ், ஔவையாரைப் பற்றிப் புத்தகம் ஏதாவது இருக்கா?” என்று கேட்டாள். கணினியில் தட்டிப் பார்த்தேன். ஒன்றும் வரவில்லை. “இல்லையம்மா” என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அன்று பூட்டுவதற்கு முன், திரும்பி வந்த புத்தகங்களைத் தட்டில் அடுக்கும்போது, தமிழ் இலக்கியத்துக்கான 894.811 இலக்கத்தில் ஔவையார் பற்றிய மூன்று புத்தகங்கள் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன. அதில் ஒன்றைக் கணினியில் பதிந்தவள் நான்தான்.

இரவு முழுக்க அந்தப் பிள்ளையின் முகம்தான் நினைவில். மறுநாள் காலையில் பதிவைத் திறந்து எழுத்தெழுத்தாக அழித்துப் பார்த்தேன். ஔ என்ற ஒரே எழுத்தை அடிப்பதற்குப் பதிலாக, ஒ அடித்து அதன் பின்னால் ள அடித்திருக்கிறேன். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். கணினிக்கு அது ‘ஒளி’யில் வருகிற ஒள. பிள்ளை சரியாகக் கேட்டாள், நானும் சரியாகத் தேடினேன், புத்தகமும் இருந்தது. பதிந்ததில்தான் பிழை.

அப்போது எனக்கு வேலையில் பதினோராவது வருடம். இலங்கை நூலகச் சங்கத்தின் டிப்ளோமாவும் படித்திருக்கிறேன். பகுப்பாக்கம், பட்டியலாக்கம், சேர்விலக்கம் எழுதுகிற முறை எல்லாவற்றையும் அங்கே நன்றாகத்தான் சொல்லித் தந்தார்கள். அந்தப் படிப்பு இல்லையென்றால் இந்த மேசையில் நான் இருந்திருக்க முடியாது. ஆனால் நான் படித்தது பட்டியல் அட்டைக்கு. அட்டையில் கையால் ஔ எழுதினால் அது ஔதான். நூலகம் கணினிக்கு மாறியபோது வேலையும் மாறிவிட்டது. எங்களுக்கு அதற்குப் பிறகு யாரும் வந்து எதுவும் சொல்லித் தரவில்லை.

பயிற்சியே இல்லை என்று சொல்ல வரவில்லை. பயிற்சி என்றால் கொழும்பு. திருகோணமலையில் இரவு ரயில் ஏறி, விடிய இறங்கி, முகம் கழுவிக்கொண்டு நேரே வகுப்புக்குப் போக வேண்டும். ஒருமுறை அனுமதிக் கடிதம் என் கைக்கு வந்தபோது பயிற்சி முடிந்து நான்கு நாளாகியிருந்தது. இன்னொரு முறை போய்ச் சேர்ந்தேன். கோஹா பற்றிய வகுப்பு. நியூசிலாந்தில் ஒரு சிறிய நூலகத்துக்காகச் செய்து 2000ஆம் ஆண்டில் எல்லோருக்கும் இலவசமாக விட்ட நூலக மென்பொருள் அது. எங்களைப் போல பணமில்லாத நூலகங்களுக்கு உண்மையிலேயே வரப்பிரசாதம். ஆனால் குறிப்பு எல்லாம் ஆங்கிலத்தில். செய்து காட்டிய புத்தகங்களும் ஆங்கிலப் புத்தகங்கள். அவற்றில் எல்லாம் அழகாக வேலை செய்தது. ஊருக்கு வந்து எங்கள் புத்தகங்களைப் போட்டபோதுதான் கஷ்டம் தொடங்கியது.

பழைய கணினியில் இருந்ததெல்லாம், ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவத்தைக் காட்டுகிற பாமினி எழுத்துருவில் அடித்தவை. புதிதில் ஏற்றினால் ஆங்கில எழுத்துக் குப்பை. சரி, மாற்றியில் போட்டு, தமிழ் எழுத்துகளுக்கே தனிக் குறி உள்ள யூனிகோடாக்கினோம், தமிழ் வந்துவிட்டது என்று சந்தோஷப்பட்டோம். ‘பாரதியார்’ என்று தேடினால் பாதிப் புத்தகங்கள் வரவில்லை. பாமினியில் அடித்தவர்கள் ர்-க்குப் பதிலாக அரவு (ா) போட்டு அதன் மேல் குற்று (புள்ளி) வைத்திருக்கிறார்கள். திரையில் பார்த்தால் வித்தியாசமே தெரியாது. ‘ஆசிரியர்’ என்ற சொல்லிலேயே ரி-க்குப் பதிலாக அரவும் விசிறியும் (ி). கோணேசர் என்று தேடினாலும் இதே கதை. சில பதிவுகளில் ‘கோ’வில் வருகிற ஓகாரம் ஒரே குறியாக இருக்கிறது, சிலவற்றில் இரட்டைக்கொம்பு (ே), அரவு என இரண்டு துண்டாக இருக்கிறது. கோணேசர் கோயில் இருக்கிற திருகோணமலையின் நூலகத்தில் கோணேசரைத் தேடி அகப்படவில்லை என்றால் அதை யாரிடம் போய்ச் சொல்வது?

இதையெல்லாம் எனக்குக் கண்டுபிடித்துத் தந்தவர் கிண்ணியாவில் நூலக உதவியாளராக இருக்கும் ஒரு ராத்தா. நான் போனில் ஔவையார் கதையைச் சொன்னதும், “தங்கச்சி, எங்கட பக்கத்திலயும் இதே கரைச்சல்தான். நான் ஒரு கொப்பியில எழுதி வச்சிருக்கேன், வாறன்” என்றார். சனிக்கிழமை பஸ்ஸில் வந்தார். 2009இல் கிண்ணியாப் பாலம் திறப்பதற்கு முன்னென்றால் பாதை என்கிற மிதவைப் படகில் ஏறித்தான் வந்திருக்க வேண்டும். அந்தக் கொப்பியில் முப்பதுக்கு மேல் சோடிகள்: இடது பக்கம் பிழை, வலது பக்கம் சரி. யாரும் கேட்காமல், தனியாக உட்கார்ந்து எழுதியது. அவருக்கு எந்தச் சான்றிதழும் இதற்குக் கிடைக்காது.

அன்றிலிருந்து மாதத்தில் ஒரு சனிக்கிழமை கூடுகிறோம். இப்போது நான்கு பேர். ஆளுக்கு ஒரு சிக்கல் கொண்டு வர வேண்டும், அவ்வளவுதான் ஒழுங்கு. ராத்தா ஒருமுறை தன்னுடைய இஸ்லாமியப் புத்தகங்களின் இலக்கத்தைக் கொண்டு வந்தார். புத்தகங்களைப் பொருள்வாரியாக இலக்கமிடுகிற தூயி (Dewey) முறையில் 220 முதல் 280கள் வரை கிறிஸ்தவத்துக்கு. இஸ்லாம் முழுவதும் 297க்குள், எங்கள் சைவமெல்லாம் 294.5க்குள். அந்தத் தட்டு நிறைய நிறைய புள்ளிக்குப் பின்னால் இலக்கம் நீண்டு, முதுகில் ஒட்டும் லேபலுக்குள் அடங்குவதில்லை. எங்கே வெட்டலாம், எங்கே வெட்டினால் வாசகர் குழம்புவார் என்று இரண்டு மணித்தியாலம் பேசினோம். என் டிப்ளோமாவில் ஒரு நாள்கூட இப்படி ஒரு வகுப்பு இருந்ததில்லை.

நூலகத் துறையின் முன்னோடி, சீர்காழியில் பிறந்த ரங்கநாதன் 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானபோது கணித ஆசிரியர்தான். நூலகப் படிப்பு எதுவும் இல்லை. வேலையில் சேர்ந்த பிறகுதான் அவரை லண்டனுக்குப் படிக்க அனுப்பினார்கள். 1931இல் அவர் எழுதிய நூலகத்துக்கான ஐந்து விதிகளில் நான்காவது, வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்து என்பது. அந்தச் செவ்வாய்க்கிழமை நான் மீறியது அதைத்தான்.

ஆகவே பயிற்சி ஒழுங்கு செய்பவர்களிடம் கேட்கிறேன். அரை நாள் போதும், எங்கள் இடத்துக்கு வாருங்கள். எங்கள் புத்தகங்களை எடுத்து, தமிழில் சொல்லித் தாருங்கள். நூலகரோடு நிறுத்தாமல், மேசையில் நிற்கும் உதவியாளரையும் புத்தகம் அடுக்கும் பணியாளரையும் உட்கார வையுங்கள். வாசகர் முதலில் கேட்பது அவர்களிடம்தான். எங்கள் அலுவலகங்களிடமும் ஒன்று: சனிக்கிழமை வருகிறவர்களுக்குக் கடமை லீவாகக் கணக்கிடுங்கள். ராத்தா வருவது தன் சொந்த லீவில், சொந்த பஸ் காசில்.

அந்தப் பிள்ளை திரும்ப வரவில்லை. பெயர்கூடக் கேட்டு வைக்கவில்லை. மூன்று புத்தகங்களையும் மேசைக்கு முன்னால் உள்ள தட்டில், வாசலில் இருந்து தெரியும்படி வைத்திருக்கிறேன்.

அடுத்த சனிக்கிழமை கணினி இல்லை. கடற்காற்றில் சஞ்சிகைகளின் கம்பி துருப்பிடித்து நடுத்தாளைத் தின்றுவிடுகிறது. கம்பியைத் தாள் கிழியாமல் கழற்றி நூலால் தைப்பது எப்படி என்று, நகரத்தில் பழைய புத்தகக் கட்டுநர் (பைண்டர்) ஒருவர் காட்ட ஒப்புக்கொண்டிருக்கிறார். பக்கத்தில் எந்த வாசிகசாலையில் வேலை செய்தாலும் வரலாம். துருப்பிடித்த சஞ்சிகை இரண்டும், தடித்த ஊசி ஒன்றும் கொண்டு வாருங்கள். நூல் நான் வாங்கி வைத்திருக்கிறேன்.