அரீத்தாவின் வானம்பாடியோடு ஐந்து வாரம்

அமெரிக்கப் பாடகி அரீத்தா பிராங்ளின் என்றாலே 1967-க்குப் பிந்தைய குரல்தான் ஞாபகத்துக்கு வரும். அவருடைய புகழ்பெற்ற 'ரெஸ்பெக்ட்' பாட்டு வெளியான வருஷம் அது. அதற்கு முன்பு கொலம்பியா இசைத்தட்டு நிறுவனத்தில் அவர் பாடிய வருஷங்களை, தன் பாதை இன்னும் பிடிபடாத காலம் என்று ஒதுக்கிவிடுகிறார்கள். 'ஸ்கைலார்க்', அதாவது வானம்பாடி, அந்தக் குவியலில்தான் கிடக்கிறது. 1963-இல் வந்த 'லாஃபிங் ஆன் தி அவுட்சைட்' தொகுப்பில் உள்ள பாட்டு. அப்போது அவருக்கு 21 வயது. இதை முதலிலிருந்து கடைசிவரை பாடக் கற்றுக்கொள்ள வேண்டும் என்று உட்கார்ந்து ஐந்து வாரம் ஆகிறது.

பாட்டு அவருடையது அல்ல. ஹோகி கார்மைக்கேல் மெட்டு, ஜானி மெர்சர் வரிகள். 1942-இல் கிளென் மில்லர், பிங் கிராஸ்பி, டைனா ஷோர் என்று பலர் பதிவு செய்தார்கள். அரீத்தா பிறந்ததும் அதே வருஷம்தான். ஒரு வானம்பாடியைக் கூப்பிட்டு, 'என் அன்பை எங்கேயாவது பார்த்தாயா' என்று கேட்கிற பாட்டு. மெட்டு முதலில் பிறந்தது ஜாஸ் கலைஞர் பிக்ஸ் பைடர்பெக்கின் கார்னெட் (டிரம்பெட் போன்ற ஊதுகருவி) வாசிப்பை மனதில் வைத்து. வரிகள் பின்னால்தான் வந்தன. பாடிப் பார்த்தால் இது உடனே தெரிந்துவிடும். தொண்டைக்கு இதமான இடத்தில் நிற்காமல், விரல் போகிற இடத்துக்கெல்லாம் ஸ்வரம் போகும்.

முதல் வாரம் பழக்கதோஷத்தில் சுருதிப்பெட்டியைப் போட்டுக்கொண்டு ஆரம்பித்தேன். எட்டு பார் (ஒரு பாருக்கு நாலு தட்டு) கொண்ட பகுதி ஒன்று, அதையே இன்னொரு முறை, நடுவில் வேறு மெட்டில் எட்டு, கடைசியில் பழையபடி எட்டு. ஒவ்வொரு பகுதியும் ஆதி தாளத்தில் கச்சிதமாக நாலு ஆவர்த்தனம் என்பதால் கையில் போட்டுக்கொண்டு பாட முடிந்தது. முதல் இரண்டு பகுதியும் பரவாயில்லை. நடுப்பகுதி வந்ததும் சுருதிப்பெட்டியோடு ஒரே சண்டை. நான்தான் அபஸ்வரமாகப் பாடுகிறேன் என்று நினைத்து மூன்று நாள் திரும்பத் திரும்பப் பாடினேன்.

கீபோர்டில் கார்டுகளை, அதாவது சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக் கூட்டங்களை, வைத்துப் பார்த்தபோதுதான் விஷயம் விளங்கியது. நடுப்பகுதியில் ஆதார ஸ்வரமான ஸட்ஜமே இடம் மாறுகிறது; சுருதிப்பெட்டியோ பழைய ஸட்ஜத்திலேயே நிற்கிறது. அச்சில் இந்தப் பாட்டு பெரும்பாலும் ஈ-ஃபிளாட்டை ஸட்ஜமாக வைத்துத்தான் கிடைக்கும். நடுப்பகுதி தொடங்கும்போது அதன் மத்திமம், அதாவது ஏ-ஃபிளாட், ஸட்ஜமாகிவிடுகிறது. முடியும் தறுவாயில் பழைய ஸட்ஜத்தின் அந்தர காந்தாரமான ஜி வந்து ஸட்ஜமாக உட்காருகிறது. அங்கிருந்து பி-ஃபிளாட் ஏழாம் கார்டு ஒன்று கையைப் பிடித்துப் பழைய வீட்டுக்கு அழைத்து வருகிறது. எட்டு பாருக்குள் இவ்வளவு பயணம்! சுருதிப்பெட்டியை அணைத்துவிட்டு, இடது கையில் கார்டின் கீழ் ஸ்வரத்தை மட்டும் அழுத்திக்கொண்டு பாடினேன். இரண்டாம் வாரம் முழுக்க அந்த எட்டு பார்தான்.

மூன்றாம் வாரம் அக்கா வந்திருந்தாள். அவள் முறையாகப் பாட்டு படித்தவள். நான் பாடியதைக் கேட்டுவிட்டு, அரீத்தாவின் பதிவைப் போடச் சொன்னாள். கண்ணை மூடிக் கேட்டாள்.

"அவங்க ஸ்வரத்தை அப்படியே வச்சுட்டுப் போறாங்க. நீ ஒவ்வொண்ணையும் அசைக்கிற. எதுக்கு?"

சரியாகத்தான் சொன்னாள். கமகம் இல்லாமல் ஒரு ஸ்வரத்தை நீட்டினால் ஏதோ குறைவதுபோல் எனக்குத் தோன்றிவிடுகிறது. அரீத்தா டெட்ராய்ட்டில் அப்பாவின் தேவாலயத்தில் பாடி வளர்ந்தவர். குரலைச் சுழற்றுவது அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு. இருந்தும் இங்கே அதை அடக்கி வைக்கிறார். பின்னால் வயலின்கள் மெதுவாக நகர, அவர் தாளத்துக்குக் கொஞ்சம் பிந்தியே வார்த்தையை வைக்கிறார். பதிவை முக்கால் வேகத்தில் ஓட்டி, அவர் மூச்சு எடுக்கும் இடங்களைப் பென்சிலால் குறித்தேன். நான் வரி முடிந்ததும் மூச்சு எடுத்துக்கொண்டிருந்தேன். அவரோ கேள்வி முடிகிற இடம்வரை தாங்கிப் போகிறார். என் மூச்சுக் குறிகளில் பாதியை அழிக்க வேண்டியிருந்தது.

நாலாம் வாரம், அந்தத் தாவல். பாட்டின் பிற்பகுதியில், அதுவரை கீழே அமைதியாகக் கூப்பிட்ட அதே 'ஸ்கைலார்க்' என்ற சொல்லை ஒரே எட்டில் மேல் ஸ்தாயிக்குத் தூக்கிவிடுகிறார். எத்தனை முறை கேட்டாலும் எனக்கு அந்த இடத்தில் உடம்பு சிலிர்க்கும். இத்தனை நேரம் அடக்கி வைத்ததெல்லாம் இதற்காகத்தான். முன்னாலேயே சங்கதிகளை (வரியை மாற்றி மாற்றி அலங்கரித்துப் பாடுவதை) இறைத்திருந்தால் இது இன்னொரு சங்கதியாகப் போயிருக்கும். பறவை காதில் விழாத தூரத்துக்குப் போய்விட்டது, அதனால் உரக்கக் கூப்பிடுகிறார் என்றே நான் எடுத்துக்கொள்கிறேன். பிற்காலத்தில் உலகமே கொண்டாடிய அந்தக் குரல் இங்கேயே முழுசாக இருக்கிறது. 'பாதை பிடிபடாத காலம்' என்று இதைச் சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை.

எனக்கு அந்த இடம் முதலில் கத்தலாகத்தான் வந்தது. சுருதியை அரைக்கட்டை இறக்கினேன், போதவில்லை. இன்னொரு அரைக்கட்டை இறக்கினேன். அதற்கு முந்தைய வரியை மெலிதாகப் பாடி, வாயை அகலத் திறக்காமல் மேலே போனால் குரல் உடையாமல் நிற்கிறது. நேற்று ராத்திரி பத்து தடவை பாடினேன், நாலு தடவை நின்றது. போனில் பதிவு செய்து அக்காவுக்கு அனுப்பினேன். காலையில் பதில் வந்திருந்தது: "மேல போனது சரி. இறங்கும்போது ஏன் அவசரம்?"

இந்த வாரம் இறக்கம்.