எல்லாம் ‘நாங்கள்’தான்

மலேசியாவில், பினாங்கின் பாயான் லெப்பாஸில் 1972இல் தொடங்கிய தொழிற்பேட்டையில் அமெரிக்க, ஜெர்மானிய, ஜப்பானியத் தொழிற்சாலைகள் அருகருகே இயங்குவதால், இங்கே வேலை தேடும் நம் பிள்ளைகள் ஒரே வாரத்தில் மூன்று விதமான எதிர்பார்ப்புகளுக்கு முன்னால் உட்கார வேண்டியிருக்கிறது.

அண்மையில் ஒரு நேர்காணல் குழுவில் நானும் இருந்தேன். நிபோங் திபாலிலிருந்து வந்த தம்பி, உட்காரச் சொல்லும்வரை நின்றுகொண்டே இருந்தார்; பிறகு எஸ்பிஎம் பள்ளித் தேர்வு முதல் டிப்ளோமா வரையிலான சான்றிதழ்கள் அடங்கிய கோப்பை மடியில் வைத்து இரு கைகளாலும் பிடித்துக்கொண்டார். பழுதான இயந்திரத்தைச் சரிசெய்த கதையை, திரையில் தெரிந்த அமெரிக்க மேலாளர் கேட்டபோது, ஆங்கிலத்தில் பேசியும் ‘நான்’ என்ற சொல் அவர் வாயில் வரவேயில்லை. எல்லாம் ‘நாங்கள்’தான். ‘சொந்தப் பங்களிப்பு தெளிவில்லை’ என்று மேலாளர் குறித்துக்கொண்டார்.

எனக்கு மனம் கேட்கவில்லை. “அன்றிரவு ஷிப்டில் எத்தனை பேர் தம்பி?” என்றேன்.

“நான் மட்டும்தான், சார்.”

பண்பாட்டு ஆய்வாளர் கீர்ட் ஹாஃப்ஸ்டெட் தம் அட்டவணையில் குழுவைவிடத் தன்னை முன்வைக்கும் தனிமனிதப் போக்குக்கு அமெரிக்காவுக்கு 91 புள்ளியும் மலேசியாவுக்கு 26 புள்ளியும் தந்தார். ஒரு நாட்டையே ஓர் எண்ணில் அடக்குவதில் எனக்கு உடன்பாடில்லை என்றாலும், தற்பெருமை பேசாதே என்று வீட்டில் கேட்டு வளர்ந்த பிள்ளையிடம் தன்னைப் பற்றி அரை மணிநேரம் பேசச் சொல்லும் முறை, வேலைத்திறனை அளப்பதைவிடப் பேச்சுப் பழக்கத்தையே அதிகம் அளக்கிறது. தம்பியின் பதிலை மேலாளருக்கு விளக்கிச் சொன்னேன். குறிப்பு திருத்தப்பட்டது, தம்பிக்கு இரண்டாம் சுற்று வியாழக்கிழமை.