போ டையும் வீட்டு ஆட்களின் கூலியும்

சட்டைக் காலரில் வண்ணத்துப்பூச்சி வடிவில் முடிச்சிட்டு அணியும் எங்கள் போ டைகளின் விலையைக் கேட்டவுடன் சிலர் கைப்பேசியை எடுத்து, இணையக் கடைகளில் சில வெள்ளிகளுக்கே (மலேசிய ரிங்கிட்டுக்கே) கிடைக்கும் கிளிப் வைத்த பாலியெஸ்டர் போ டைகளைக் காட்டி, "இதற்கும் அதற்கும் என்னம்மா வித்தியாசம்?" என்று கேட்கிறார்கள். காசு கொடுத்து வாங்குபவருக்கு அப்படிக் கேட்க எல்லா உரிமையும் உண்டு. ஆனால் நின்றபடி நான் சொல்லும் இரண்டு வரிப் பதில் எனக்கே நிறைவு தருவதில்லை. ஆகவே, பினாங்கின் ஜார்ஜ்டவுனில் மூன்று தலைமுறையாகத் தையலை நம்பி வாழும் எங்கள் குடும்பம் ஒரு போ டைக்கு எப்படி விலை வைக்கிறது, அந்த விலைக்குள் யார் யாருடைய உழைப்பு அடங்கியிருக்கிறது என்பதைப் பொறுமையாக எழுதிவைக்க விரும்புகிறேன்.

கழுத்தைச் சுற்றி நாமே முடிச்சிட்டுக்கொள்ளும் போ டை ஒன்றைப் பிரித்துப் பார்த்தால் உள்ளே நான்கு துண்டுத் துணிகள் இருக்கும்: இடப்பக்கத்துக்கு இரண்டு, வலப்பக்கத்துக்கு இரண்டு. ஒவ்வொரு துண்டும் முனையில் வண்ணத்துப்பூச்சியின் இறக்கையைப் போல அகன்று, இடையில் ஒடுங்கி, மீண்டும் சற்று விரிந்து, கழுத்தைச் சுற்றும் பகுதியில் விரலகலத்துக்குக் குறுகிவிடும். இவற்றை அப்பா நீள இழைகளான பாவின் திசையில் நேராக வெட்டுவதில்லை; துணியை 45 பாகை சாய்த்து, தையற்காரர்கள் 'கிராஸ்' என்று சொல்லும் குறுக்கு வெட்டாகவே வெட்டுகிறார். நேராக வெட்டிய துணிக்கு இழுத்தால் நெகிழும் தன்மை குறைவு. குறுக்காக வெட்டிய துணியோ கொஞ்சம் நெகிழ்ந்து கொடுப்பதால், முடிச்சு இறுகியும் பிடிக்கும், அவிழ்த்த பின் சுருக்கம் விழுந்த இடம் தானாகவே சீராகவும் செய்யும். இதற்கு நாங்கள் கொடுக்கும் விலை துணிதான். நேர்வெட்டில் ஒரு மீட்டர் பட்டில் ஆறேழு போ டைகள் தேறும் என்றால், குறுக்கு வெட்டில் ஐந்து தேறினால் பெரிது. மீதி முக்கோணத் துண்டுகளாக மேசைக்கடியில் விழும்.

வெட்டிய துண்டுகளுக்கு உள்ளே, வடிவம் குலையாமல் தாங்கும் கேன்வாஸ் என்ற துணியை வைத்துத் தைப்பது தம்பியின் வேலை. சூடுபட்டால் ஒட்டிக்கொள்ளும் பசைத்துணியை வைத்தால் வேலை பாதியாகக் குறையும். ஆனால் பினாங்கின் ஈரக்காற்றில் சில காலம் கழித்துப் பசை விட்டுக்கொடுத்து, மேல்துணியில் கொப்புளங்கள் எழும்பிவிடும். அதனால் தனியாக வெட்டிய கேன்வாஸைத்தான் வைக்கிறோம். அதன் கனத்தை ஒவ்வொரு துணிக்கும் ஏற்ப மாற்ற வேண்டியிருக்கிறது: மெல்லிய பட்டுக்குச் சற்றுக் கனமானது, பருத்திக்கு மெல்லியது. கனம் கூடினால் முடிச்சு கழுத்தில் கட்டிபோல் நிற்கும். குறைந்தால் இறக்கைகள் விருந்து முடிவதற்குள் தொங்கிப்போகும்.

அடுத்து வருவதுதான் இந்தத் தொழிலில் மிகவும் நுட்பமான வேலை என்று நான் கருதுகிறேன். உட்புறம் வெளியே இருக்கும்படி தைத்த அந்த நீண்ட குழாயை, நடுவில் விட்ட சிறு இடைவெளி வழியாக வெளிப்புறத்துக்குத் திருப்ப வேண்டும். விரலகலமே உள்ள கழுத்துப் பகுதியின் ஊடாக அகன்ற முனையை இழுத்து வெளியே கொண்டுவந்து, மூலைகளை மூங்கில் குச்சியால் உள்ளிருந்து தள்ளிக் கூராக்க வேண்டும். அழுத்தம் குறைந்தால் மூலை மழுங்கிவிடும். கூடினால் குச்சி பட்டைத் துளைத்துக்கொண்டு வெளியே வந்துவிடும், அந்தத் துண்டு அதோடு போயிற்று. திருப்பிய பிறகு அந்த இடைவெளியை, தையல் கண்ணுக்குத் தெரியாதபடி கையூசியால் மூட வேண்டும். இந்த இரண்டு வேலைகளையும் எங்கள் வீட்டில் அத்தைதான் செய்கிறார். கடைசியாக அம்மா ஈரப் பருத்தித்துணியை மேலே போட்டு இஸ்திரி இடுகிறார். விளிம்புகளை மட்டும் அழுத்தாமல் விடுவார், ஏனென்றால் விளிம்பு தட்டையாகிவிட்டால் பட்டு செத்துப்போன மாதிரி தெரியும்.

அத்தையைப் பற்றிச் சொல்லும்போது எங்கள் குடும்பக் கணக்குப் புத்தகத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். தாத்தா லெபோ பாசார் தெருவின் பக்கத்தில் ஒரு கடைவீட்டின் முன்பகுதியை வாடகைக்கு எடுத்துத் தையல் கடை வைத்திருந்தார். பெரும்பாலும் கால்சட்டையும் சட்டையும்தான். ஹோட்டல் பணியாளர்களின் சீருடைக்கு ஆர்டர் வந்தபோது, கூடவே கறுப்புப் போ டைகளும் தைக்கத் தொடங்கினார். கடையில் சம்பளத்துக்கு இரண்டு ஆட்கள் இருந்தார்கள். 1948ஆம் ஆண்டுக்கு முன் கட்டப்பட்ட கட்டடங்களின் வாடகையை 1966ஆம் ஆண்டுச் சட்டம் கட்டுப்படுத்தி வைத்திருந்ததால்தான், அந்த வருமானத்தில் ஜார்ஜ்டவுனின் நடுவே ஒரு கடையை நடத்த அவரால் முடிந்தது. அந்தச் சட்டம் நீக்கப்பட்டு, இடைக்காலச் சலுகையும் 1999ஆம் ஆண்டின் இறுதியோடு முடிந்தபோது, எங்கள் தெருவில் பலர் கடையைக் காலிசெய்தார்கள். தாத்தாவும் தையல் இயந்திரங்களை ஜெலுத்தோங்கில் இருந்த வீட்டுக்குக் கொண்டுபோனார்.

கடை வீட்டுக்குள் வந்ததும் சம்பள ஆட்கள் நின்றுவிட்டார்கள், வேலை நிற்கவில்லை. திருப்புவதும் கையூசி போடுவதும் பாட்டிக்கும் அத்தைக்கும் வந்து சேர்ந்தன. சமையலுக்கும் துணி துவைப்பதற்கும் இடையில் செய்கிற வேலை என்பதால் அதை யாரும் வேலை என்று கணக்கில் எழுதவில்லை. தாத்தாவின் புத்தகத்தில் துணிக்கும் நூலுக்கும் கேன்வாஸுக்கும் மின்கட்டணத்துக்கும் தனித்தனி வரிகள் இருக்கின்றன. பாட்டிக்கும் அத்தைக்கும் ஒரு வரிகூட இல்லை. தாத்தா அன்பில்லாதவர் அல்லர். வீட்டு ஆளுக்குக் கூலி கொடுப்பது அவர்களை வேற்று ஆளாக நடத்துவது போலாகும் என்று அவர் தலைமுறை உண்மையாகவே நம்பியது. ஆனால் அதன் விளைவு என்னவென்றால், எங்கள் போ டையின் விலை பல ஆண்டுகள் பொய்யான விலையாக இருந்தது. மலிவாக விற்க முடிந்ததற்குக் காரணம் எங்கள் திறமை அல்ல, இரண்டு பெண்களின் கணக்கில் வராத நேரம்.

2008ஆம் ஆண்டு ஜூலையில் ஜார்ஜ்டவுன் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்த பிறகு, பழைய கடைவீடுகள் ஒவ்வொன்றாகச் சிறு ஹோட்டல்களாக மாறின. அங்கே திருமணங்கள் நடந்தன. மாப்பிள்ளையும் தோழர்களும் ஒரே துணியில் போ டை கட்டிக்கொள்ளும் வழக்கம் சீனர், இந்தியர் என்ற வேறுபாடின்றிப் பரவியது. வாடகை ஏற்றத்தால் எங்களை வெளியே அனுப்பிய அதே நகரம், வேறொரு வாசல் வழியாக எங்களுக்கு ஆர்டர் அனுப்பியது. அப்போதுதான் நானும் தம்பியும் தொழிலை முறையாகப் பதிவு செய்து, சீருடைகளை விட்டுவிட்டு, போ டைகளை மட்டும் தைப்பதென்று முடிவெடுத்தோம். புதுக் கணக்குப் புத்தகத்தின் முதல் பக்கத்திலேயே அத்தைக்கு ஒரு வரி போட்டோம்.

அத்தை முதலில் மறுத்தார். "எனக்கு எதற்கு? சாப்பாடு போடுகிறீர்கள், மருந்து வாங்கித் தருகிறீர்கள்" என்றார். சாப்பாடும் மருந்தும் அவர் எங்கள் அத்தை என்பதற்காக. கூலி அவர் கைவேலைக்காக. ஒன்றைக் காட்டி மற்றதைக் கழிக்கக் கூடாது என்று அப்பா பொறுமையாக எடுத்துச் சொல்ல வேண்டியிருந்தது. தன் அக்காவிடம் அப்பா அப்படிப் பேசியது எனக்கு இன்றும் பெருமையாக இருக்கிறது.

கூலியை எப்படி நிர்ணயிக்கிறோம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். வீட்டிலிருந்தபடி தன் வசதிக்கேற்ப வேலை செய்வதால் அத்தைக்குத் துண்டுக் கணக்கில்தான் கூலி. ஆனால் அந்தத் துண்டுக் கூலி மணிக்கணக்கிலிருந்து பிறக்கிறது. மலேசியாவில் குறைந்தபட்சச் சம்பளம் 2025 பிப்ரவரி 1 முதல் மாதத்துக்கு 1,700 வெள்ளி. ஐந்து பேருக்குக் குறைவான ஊழியர்களைக் கொண்ட சிறு தொழில்களுக்கும் அதே ஆண்டு ஆகஸ்ட் 1 முதல் அது பொருந்துகிறது. மணிக்கணக்கில் பார்த்தால் 8 வெள்ளி 72 சென். ஒரு போ டையைத் திருப்பி, மூலை எடுத்து, கையூசி போட்டு முடிக்க ஆகும் நேரத்தை, அவசரப்படாமல் செய்யும் வேகத்தில் கணக்கிட்டு, அந்த 8 வெள்ளி 72 சென்னை அடித்தளமாக மட்டும் வைத்து, கைத்திறனுக்காக அதற்கு மேலே ஏற்றுகிறோம். குறைந்தபட்சச் சம்பளம் என்பது எந்தப் பயிற்சியும் இல்லாதவருக்கும் கொடுக்க வேண்டியது. பட்டின் மூலையைக் கிழிக்காமல் கூராக்கத் தெரிந்த கைக்கு அதையே கொடுத்துவிட்டு நியாயம் செய்துவிட்டதாக நினைக்க முடியாது. நிலையான மாதச் சம்பளம் இல்லாதவர்கள் ஊழியர் சேமநிதி வாரியத்தில் தாங்களே பணம் செலுத்தினால் அரசாங்கமும் ஒரு பங்கு சேர்த்துப் போடும் ஐ-சாரான் திட்டத்தில் அத்தையைச் சேர்த்திருக்கிறோம். வீட்டில் தைக்கும் பெண்கள் இதை வாசித்தால், அந்தத் திட்டத்தைப் பற்றி அவசியம் விசாரித்துப் பாருங்கள்.

அம்மாவுக்கும் தம்பிக்கும் அப்பாவுக்கும் இதே முறைதான். அதை நீட்டி எழுதத் தேவையில்லை.

துணியின் விலையைப் பற்றிப் பலரும் விசாரிப்பதால் அதையும் சொல்கிறேன். பாத்தேக் துணியை வாங்கியவுடன் வெட்டிவிட முடியாது. மெழுகிட்டுச் சாயம் ஏற்றி, சோடியம் சிலிக்கேட்டால் சாயத்தை நிலைநிறுத்தி, பிறகு மெழுகை நீக்கிய துணியில் சில நேரம் சாயம் எஞ்சியிருக்கும். அது வெள்ளைச் சட்டையின் காலரில் இறங்கினால் மாப்பிள்ளையின் நாளே கெட்டுவிடும். ஆகவே அலசி, காயவைத்து, வெள்ளைத் துணியால் தேய்த்துப் பார்த்த பிறகே வெட்டுமேசைக்கு வரும். பூ வேலைப்பாடு இரண்டு இறக்கையிலும் எதிரெதிராகப் பொருந்த வேண்டும் என்று அப்பா பிடிவாதமாக இருப்பதால் அதிலும் துணி வீணாகிறது. சொங்கெட் என்ற மலாய் நெசவுத்துணி வேறு வகைச் சிக்கல். 2021ஆம் ஆண்டு யுனெஸ்கோ அங்கீகாரம் பெற்ற அந்த நெசவில் உலோக இழைகள் ஊடையில் (குறுக்கு இழைகளில்) கூடுதலாகச் செல்வதால், குறுகிய கழுத்தின் வழியே திருப்பினால் இழைகள் மடிந்து முறிகின்றன. அதனால் சொங்கெட்டில் முடிச்சிடும் போ டை செய்வதில்லை. முன்பகுதியை மட்டும் சொங்கெட்டில் மடித்து அமைத்து, கழுத்துப் பட்டையைச் சாதாரணப் பட்டில் தைத்துக் கொக்கி வைக்கிறோம்.

காஞ்சிபுரம் பட்டுப் புடவைகளைக் கொண்டுவந்து, அதிலிருந்து போ டை வேண்டும் என்று கேட்பவர்களும் உண்டு. தாயின் கல்யாணப் புடவையைக் கழுத்தில் அணிய வேண்டும் என்ற ஆசையை நான் மிகவும் மதிக்கிறேன். ஆனாலும் புடவைக்குச் சொந்தக்காரர் இருந்தால் அவரே நேரில் வந்தோ தொலைபேசியிலோ சம்மதம் சொல்ல வேண்டும் என்பது எங்கள் நிபந்தனை. ஒருமுறை வெட்டிவிட்டால் அது புடவையாகத் திரும்பாது. முந்தானையையும் கரையையும் வெட்டுவதில்லை. கரையின் சரிகை கழுத்தை அறுக்கும் என்பது ஒரு காரணம், புடவையின் உடற்பகுதியில் உள்ளே மடிந்து மறையும் இடத்திலிருந்து எடுத்தால் அதை மீண்டும் உடுத்த வழி இருக்கும் என்பது மற்றொன்று.

மலிவான இறக்குமதியைப் பற்றி எனக்குக் கோபம் இல்லை. 500 வெள்ளிக்கு உட்பட்ட, வெளிநாட்டிலிருந்து இணையம் வழி வாங்கும் பொருள்களுக்கு 2024 ஜனவரி 1 முதல் 10 விழுக்காடு விற்பனை வரி வந்தபோது, இனிமேல் உங்களுக்கு நல்ல காலம் என்று சிலர் வாழ்த்தினார்கள். சில வெள்ளிப் பொருளில் பத்து விழுக்காடு என்பது சில்லறைக் காசு. அது யாரையும் எங்களிடம் திருப்பி அனுப்பவில்லை. பள்ளிக் கலைநிகழ்ச்சிக்கு ஒரு மாலை மட்டும் அணியப்போகும் பிள்ளைக்கு அந்தக் கிளிப் போ டையே போதும் என்று பெற்றோரிடம் நானே சொல்லியிருக்கிறேன். எங்களுடையது பல ஆண்டுகள் கட்டி அவிழ்க்க வேண்டியவருக்கானது. கழுத்துப் பட்டையின் கொக்கியை 14 அங்குலத்திலிருந்து 18 அங்குலம் வரை மாற்றிக்கொள்ளலாம் என்பதால் அப்பாவுடையதை மகனும் அணிய முடியும்.

சென்ற மாதம் பட்டர்வொர்த்திலிருந்து ஒரு கல்யாண ஜோடி வந்தார்கள். மாப்பிள்ளைக்கும் தோழர்களுக்கும் சேர்த்துப் பத்துப் போ டைகள், எல்லாமே பட்டில், மொத்தத்தில் கால்பங்கு குறைத்துத் தர முடியுமா என்று பெண் கேட்டார். அவர்கள் வீட்டுச் செலவுகளைச் சொன்ன விதத்தில், குறைக்கவே முடியாது என்று அனுப்பிவிட எனக்கு மனம் வரவில்லை. கணக்கை அவர்கள் முன்னாலேயே விரித்து வைத்தேன்: துணி இவ்வளவு, கேன்வாஸும் கொக்கியும் இவ்வளவு, நான்கு பேரின் கூலி இவ்வளவு, தொழிலுக்கு நிற்பது இவ்வளவு. கூலி வரிகளைத் தவிர மற்ற எதை வேண்டுமானாலும் பேசலாம் என்றேன். மாப்பிள்ளைக்கு மட்டும் பட்டு, தோழர்களுக்கு அதே நிறத்தில் பருத்தி பாத்தேக் என்று முடிவாயிற்று. தொழிலுக்கு நிற்கும் பங்கிலும் கொஞ்சம் விட்டுக்கொடுத்தோம். பருத்தி என்றால் திருப்புவது சுலபம், எனக்குக் குறைத்தே போடுங்கள் என்று அத்தை சொல்லிப் பார்த்தார். தம்பி பட்டுக்கு எழுதும் அதே தொகையை எழுதி, சீட்டை அவரிடம் கையெழுத்துக்கு நீட்டினான்.