தாராசுரத்தில் குனிந்து பார்த்த கதைகள்

கும்பகோணத்திலிருந்து தாராசுரம் மூன்று, நான்கு கிலோமீட்டர்தான். ஐராவதேசுவரர் கோயிலுக்கு அக்கா மகனையும் கூட்டிக்கொண்டு போனேன். பெயரிலேயே யானை இருப்பதால் அந்தக் கதையில் ஆரம்பித்தோம். துர்வாசருக்கு மரியாதை செய்யத் தவறியதால் இந்திரனின் வெள்ளை யானை ஐராவதம் சாபம் பெற்று நிறம் இழந்தது. இங்கே வந்து தீர்த்தத்தில் முழுகி, சிவனை வணங்கி, பழைய வெண்மையைத் திரும்பப் பெற்றது. ஒரு முனிவரின் சாபத்தால் உடம்பெல்லாம் எரிச்சலோடு வந்த எமனுக்கும் இங்குதான் நிவர்த்தி. குளத்துக்குப் பெயரே எமதீர்த்தம்.

"எமனுக்கே சாபமா மாமா?" என்று அவன் கேட்டதும் எனக்கு உற்சாகம் வந்துவிட்டது.

கோயிலைக் கட்டியவர் இரண்டாம் ராஜராஜன், 12-ஆம் நூற்றாண்டு. 2004-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. வருகிறவர்கள் பெரும்பாலும் குதிரை இழுக்கும் ராஜகம்பீரன் மண்டபத்தின் முன் படம் எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள். அழகுதான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் கதை இருப்பது கீழே. கருவறையைச் சுற்றி, அடிப்பகுதிச் சுவரில், நாயன்மார் வரலாறுகள் சின்னச் சின்னச் சிற்பங்களாக வரிசையாக ஓடுகின்றன. குனிந்தால்தான் தெரியும். சேக்கிழார் பெரிய புராணம் பாடியது இந்த ராஜராஜனின் தந்தை இரண்டாம் குலோத்துங்கன் காலத்தில். ஓலையில் ஏறிய கதை அடுத்த தலைமுறையிலேயே கல்லில் ஏறிவிட்டது!

அவனை நகரவிடாமல் பிடித்துவைத்தது முதலைச் சிற்பம். பிளந்த வாயிலிருந்து ஒரு பையன் வெளியே வருகிறான். அவிநாசியில் நடந்தது இது. ஒரு வீட்டில் பூணூல் கல்யாண மேளம், எதிர்வீட்டில் அழுகை. விசாரித்த சுந்தரருக்கு விஷயம் தெரிகிறது: சில வருடங்களுக்கு முன் இரண்டு சிறுவர்கள் சேர்ந்து குளிக்கப் போனார்கள், ஒருவனை முதலை விழுங்கிவிட்டது. தப்பியவனுக்குத்தான் இன்று பூணூல். சுந்தரர் குளக்கரைக்குப் போய், "கரைக்கால் முதலையைப் பிள்ளை தரச்சொல்லு காலனையே" என்று பாடுகிறார். முதலை பையனைக் கொண்டுவந்து விடுகிறது, அதுவும் இடைப்பட்ட வருடங்களுக்கான வளர்ச்சியோடு! கேட்டது சிவனிடம், உத்தரவு போக வேண்டியது எமனுக்கு. அப்புறம் அவன் எமதீர்த்தம் எந்தப் பக்கம் என்று கேட்டுக்கொண்டே இருந்தான்.

மழைக்காலத்தில் பிராகாரத்தில் தண்ணீர் தேங்கும், சுற்றியுள்ள தரை உயர்ந்துவிட்டது. அதனால் வெயில் காலத்தில், காலையிலேயே போவது நல்லது. அம்பாள் பெரியநாயகிக்குப் பக்கத்திலேயே தனிக்கோயில். அங்கே கூட்டம் இல்லை, நிதானமாகக் கும்பிட்டோம்.

இந்தக் கோயிலின் கஜசம்ஹாரமூர்த்தி இப்போது தஞ்சாவூர் அரண்மனைக் கலைக்கூடத்தில் இருக்கிறார். யானையின் தோலை உரித்துப் போர்த்திக்கொண்ட சிவன் என்றதும், "ஐராவதத்தையா?" என்று பதறிவிட்டான். இல்லையடா, அது தாருகாவனத்து முனிவர்கள் ஏவிவிட்ட யானை; அந்தக் கதைக்கு ஊர் வழுவூர், மயிலாடுதுறைப் பக்கம் என்றேன். அடுத்த லீவுக்கு வழுவூர் என்று அவனே முடிவு செய்துவிட்டான்.