லைட்டை அணைக்கச் சொல்கிறார்கள்

"அண்ணா, இந்த லைட்டு மட்டும் எரியாம பண்ணிக் குடுங்க, வேற எதுவும் வேணாம்."

வேலூர் சத்துவாச்சாரியில் ஆட்டோ எலக்ட்ரிக்கல் கடை போட்ட நாளிலிருந்து நான் அதிகம் கேட்ட பேச்சு இதுதான். டேஷ்போர்டில் சிவப்பாகவோ மஞ்சளாகவோ ஏதோ ஒன்று எரிகிறது. வண்டி ஓடுகிறது, ஏசி வருகிறது, பாட்டு பாடுகிறது. அப்புறம் அந்த லைட் மட்டும் எதற்கு என்று நினைக்கிறார்கள். பல்பைக் கழற்றுவதோ வயரை வெட்டிவிடுவதோ கொஞ்ச நேர வேலைதான். அந்த வேலையை மட்டும் நான் செய்வதில்லை. எரிகிற காரணத்தைச் சரி செய்தால் லைட் தானாக அணைந்துவிடும். அதற்குத்தான் நான் கூலி வாங்குகிறேன்.

பேட்டரி லைட்டை எடுத்துக்கொள்ளுங்கள். வேலூர் வெயில் எல்லோருக்கும் தெரியும். கத்திரி வந்தால் 40 டிகிரியைத் தாண்டிவிடும். அந்த வெயிலில் நின்ற வண்டியின் பானட்டைத் திறந்தால் முகத்தில் அனல் அடிக்கும். பேட்டரி குளிரில்தான் கெடும் என்று எங்கோ படித்துவிட்டு வருகிறவர்கள் இருக்கிறார்கள். குளிர் செல்ஃபைத் திணறடிக்கும், அவ்வளவுதான். பேட்டரியின் ஆயுளைத் தின்பது சூடு. ஆசிட்டில் இருக்கும் தண்ணீர் வற்றும், உள்ளே பிளேட் சீக்கிரம் அரிக்கும். மே மாதம் பாதி கெட்ட பேட்டரி, எஞ்சின் சில்லிட்டுக் கிடக்கும் ஒரு மார்கழிக் காலையில்தான் கையை விரிக்கும். "நேத்து வரைக்கும் நல்லா இருந்துச்சுங்க" என்பார்கள். நல்லாத்தான் தெரிந்திருக்கும்.

காட்பாடி ஸ்டேஷனில் நோயாளிகளை ஏற்றிக்கொண்டு சிஎம்சி ஆஸ்பத்திரிக்கு வரும் டாக்ஸிகள் என் கடைக்கு நிறைய வரும். வங்காளத்திலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் ரயில் ஏறி வருகிறவர்களை நம்பி ஓடுகிற வண்டிகள். குறைந்த தூரம், அதிலும் பாதி நேரம் டிராஃபிக்கில் நிற்கும். ஆளுக்காகக் காத்திருக்கும்போது எஞ்சினை நிறுத்திவிட்டு ஃபேனும் பாட்டும் ஓடும், இரண்டு போன் சார்ஜ் ஏறும். பேட்டரி நிறைவதற்கு நேரமே கிடைக்காது. அப்படி ஒரு தம்பி ஒரு நாள் வந்து, பேட்டரி லைட் விட்டு விட்டு மினுக்குகிறது, பயணிகள் பயப்படுகிறார்கள், அணைத்துக் கொடுங்கள் என்றார். மீட்டரை வைத்துப் பார்த்தேன். எஞ்சின் ஓடும்போது 13.8 வோல்ட்டுக்கும் 14.5க்கும் நடுவில் காட்ட வேண்டிய இடத்தில் 12.3தான் காட்டியது. ஹெட்லைட்டையும் ஏசியையும் போட்டால் இன்னும் இறங்கியது. பேட்டரிக்கு சார்ஜ் ஏற்றும் ஆல்டர்னேட்டரின் பெல்ட்டை விரலால் அழுத்தினால் தொளதொளவென்று உள்ளே போனது. உள்பக்கம் கண்ணாடி மாதிரி பளபளத்தது. வழுக்கி வழுக்கித் தேய்ந்த பளபளப்பு அது. புது பெல்ட் போட்டு இழுவை வைத்ததும் 14.2 வந்தது, லைட் போய்விட்டது. பல வண்டிகளில் அதே பெல்ட்தான் வாட்டர் பம்பையும் சுற்றுகிறது. அறுந்திருந்தால் பேட்டரியோடு போகாது, எஞ்சினும் கொதித்திருக்கும். பின் சீட்டில் ஆபரேஷன் முடிந்த ஒருவரை வைத்துக்கொண்டு ராத்திரி பாலாற்றுப் பாலத்தில் நின்றிருப்பார். அதை அவரிடமே சொன்னேன்.

பேட்டரி வேலையில் இரண்டு விஷயத்தை எல்லோரிடமும் சொல்லிவிடுவேன். தண்ணீர் ஊற்றும் வகை பேட்டரி என்றால் டிஸ்டில்டு வாட்டர் மட்டும்தான். எங்கள் பக்கத்து போர் தண்ணீரை வாயில் வைத்தாலே உப்பு கரிக்கும், அது பிளேட்டை என்ன செய்யும் என்று சொல்ல வேண்டியதில்லை. கழற்றும்போது முதலில் நெகட்டிவ், மாட்டும்போது கடைசியில் நெகட்டிவ். பாசிட்டிவை முதலில் கழற்றப்போய் ஸ்பானர் பாடியில் பட்டால் பறக்கும் பொறி சாதாரணமானதில்லை.

ஃபியூஸ் கதை வேறு. அங்கே எந்த லைட்டும் எரியாது, ஏதோ ஒன்று வேலை செய்யாமல் நின்றுவிடும், அதனால் ஆளுக்கு ஆள் கை வைப்பார்கள். நான் தொழில் கற்றது ஒரு பாயிடம். அவர் பட்டறையில் ஃபியூஸ் டப்பாவை மேசையில் கொட்டி நிறம் நிறமாகப் பிரிப்பதுதான் சேர்ந்த பையனுக்கு முதல் வேலை. 10 ஆம்பியர் சிவப்பு, 15 நீலம், 20 மஞ்சள், 30 பச்சை. நீலம் இருந்த இடத்தில் பச்சையைச் செருகினால் அன்றைக்கு வீட்டுக்குப் போகச் சொல்லிவிடுவார். ஃபியூஸ் காப்பாற்றுவது வயரை என்பார் பாய். 15 ஆம்பியர் தாங்கும் வயருக்கு 30 ஆம்பியர் ஃபியூஸ் போட்டால், கோளாறு வரும்போது ஃபியூஸ் போகாது, வயர் எரியும். இன்றும் என்னிடம் வரும் வண்டிகளில் ஃபியூஸ் கால்களில் செம்புக் கம்பி சுற்றியிருப்பதைப் பார்க்கிறேன், சிகரெட் பெட்டியின் வெள்ளித்தாளைக்கூடப் பார்த்திருக்கிறேன். ஏலகிரி ஏறும் 14 கொண்டை ஊசி வளைவுக்கும் வெளிச்சம் வேண்டும் என்று 60/55 வாட் பல்பை எடுத்துவிட்டு 100/90 போடுகிறவர்கள் ஹோல்டர் உருகி வருவார்கள். வயரும் சுவிட்சும் பழைய கணக்குக்குத்தானே போட்டது? மங்கலாக இருந்தால் முதலில் கண்ணாடியைத் துடைத்து, எர்த் சரியாக இருக்கிறதா என்று பார்க்கச் சொல்வேன். பெரும்பாலும் அதிலேயே வெளிச்சம் வந்துவிடும்.

பிரேக் லைட் போனதைச் சொல்வதற்குப் பழைய வண்டிகளில் எந்த ஏற்பாடும் கிடையாது. ராத்திரி சுவருக்கு முதுகைக் காட்டி வண்டியை நிறுத்தி பிரேக்கை மிதித்தால் கண்ணாடியிலேயே தெரியும், வாரம் ஒரு தடவை போதும். எலி வயரைக் கடிப்பதற்கு என்னிடம் நிரந்தர மருந்து இல்லை. வண்டியை அடிக்கடி எடுங்கள் என்றுதான் சொல்கிறேன்.

சீட் பெல்ட்டுக்கு வருகிறேன். 2019 ஜூலை 1 முதல் புதிய கார்களில் சீட் பெல்ட் அலாரம், டிரைவர் ஏர்பேக், வேக அலாரம், ரிவர்ஸ் சென்சார் எல்லாம் கட்டாயம். வேகம் 80 கிலோமீட்டரைத் தாண்டினால் விட்டு விட்டு, 120ஐத் தாண்டினால் விடாமல் சத்தம் வரும். அந்த வருஷத்திலிருந்துதான் என்னிடம் அலாரத்தை நிறுத்தச் சொல்லி வருவதும் கூடியது. பக்கிளில் செருகினால் பெல்ட் போட்டதாக வண்டியை நம்பவைக்கும் ஒரு கிளிப் இருக்கிறது. ஆன்லைனில் அதை விற்ற கம்பெனிகளுக்கு 2023 மே மாதம் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் தடை போட்டது. ஆனாலும் வண்டிகளில் கிடக்கிறது. சர்வீஸுக்கு வரும் வண்டியில் பார்த்தால் எடுத்து உரிமையாளர் கையில் கொடுப்பேன், ஏன் என்றும் சொல்வேன். ஏர்பேக் இருக்கிறதே என்பார்கள். ஏர்பேக் விரிய கண் இமைக்கும் நேரம்கூட ஆகாது, விநாடியில் நூறில் மூன்று பங்கு. பெல்ட் போடாதவர் அதற்குள் முன்னால் சாய்ந்திருப்பார், வெடித்து வருகிற பையில் போய் மோதுவார். முன் சீட்டில் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு வரும் அம்மாக்களைப் பார்த்தால் எனக்கு வயிறு கலங்கும். முன்பின் தெரியாதவர்களாக இருந்தாலும், "பின்னாடி உக்காருங்கம்மா" என்று சொல்லிவிடுவேன்.

லைட்டை அணைப்பதில் மிக மோசமானது ஏர்பேக் லைட். பழைய கார் வாங்குகிறவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். சாவியை ஆன் செய்ததும் அந்த லைட் எரிய வேண்டும், எஞ்சினை ஸ்டார்ட் செய்யாவிட்டாலும் சில விநாடிகளில் தானாக அணைய வேண்டும். எரியவே இல்லை என்றால் யாரோ பல்பை எடுத்திருக்கிறார்கள். இன்னும் விவரமானவர்கள் அதை, எஞ்சின் ஸ்டார்ட் ஆனதும் அணைகிற ஆயில் லைட்டோடு சேர்த்துக் கட்டிவிடுவார்கள். எரியும், அணையும், பார்க்கிறவருக்குச் சந்தேகமே வராது.

குடியாத்தத்திலிருந்து ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர், வாங்கப்போகும் காரை மகனோடு காட்ட வந்திருந்தார். வண்டி பார்க்க அவ்வளவு சுத்தம். சாவியைத் திருப்பிவிட்டு ஸ்டார்ட் செய்யாமல் காத்திருந்தேன். ஏர்பேக் லைட் அணையவில்லை. பக்கத்தில் ஆயில் லைட்டும் எரிந்துகொண்டிருந்தது, அது எரிய வேண்டியதுதான். ஸ்டார்ட் செய்தேன். இரண்டும் ஒரே நொடியில் அணைந்தன. மறுபடி செய்து பார்த்தேன், அதே மாதிரி. ஸ்கேனர் போட்டதும் டிரைவர் பக்க ஏர்பேக் சர்க்யூட் இணைப்பில்லாமல் கிடப்பதாகக் காட்டியது. எங்கோ மோதி, பை வெடித்து, புதிதாகப் போடும் செலவுக்குப் பயந்து வயரைத் திருப்பிக் கட்டியிருக்கிறார்கள் என்பது என் கணிப்பு. அந்தப் பெரியவர் ஸ்டியரிங்கின் நடுவில் கையை வைத்து, "இதுக்குள்ள ஒண்ணுமே இல்லியாப்பா?" என்று கேட்டார். திறந்து பார்க்காமல் உறுதியாகச் சொல்ல முடியாது, ஆனால் இருந்தாலும் வேலை செய்யாது சார் என்றேன். மகனுக்கு வண்டியின் நிறம் பிடித்துப்போயிருந்தது, விலையைக் குறைத்துக் கேட்கலாமே என்றார். பெரியவர் சாவியை விற்பவரிடம் திருப்பிக் கொடுத்துவிட்டு பஸ்ஸுக்குக் கிளம்பினார். நான் செக்கிங் கூலி வாங்கவில்லை.

கடைசியாக, பின் சீட்டு. பின்னால் உட்காருகிறவர்களும் பெல்ட் போட வேண்டும் என்பது சட்டம், போடாவிட்டால் 1,000 ரூபாய் அபராதம். 2022 செப்டம்பரில் தொழிலதிபர் சைரஸ் மிஸ்திரி பால்கர் அருகே இறந்தது பின் சீட்டில், பெல்ட் இல்லாமல். அந்தச் செய்தி வந்த பிறகு கொஞ்ச நாள் எல்லோரும் பேசினார்கள். எங்கள் ஊரில் ஸ்ரீபுரத்துக்கும் திருப்பதிக்கும் குடும்பத்தோடு போகும் வண்டிகளில் நான் பார்ப்பது என்னவென்றால், பெல்ட் தொங்கும், மாட்டுவதற்குப் பக்கிள் இருக்காது. சீட் கவர் போடும்போது அடியில் புதைந்து போயிருக்கும். கவரைத் தூக்கி, கையை உள்ளே விட்டுத் துழாவி, மூன்றையும் வெளியே எடுத்து வைக்கிறேன். இதற்குக் கூலி கிடையாது. கவர் தைக்கும் கடைக்காரரிடமும் அந்த இடத்தில் ஓட்டை விட்டுத் தைக்கச் சொல்லியிருக்கிறேன், இப்போது விடுகிறார். வெளியே எடுத்த பிறகு ஒவ்வொரு பெல்ட்டையும் வெடுக்கென்று இழுத்துப் பார்ப்பேன், சட்டென்று பிடித்துக்கொள்ள வேண்டும். பிடிக்காததையும், ஓரம் நைந்ததையும், ஒரு விபத்தைப் பார்த்ததையும் முழுதாக மாற்றச் சொல்கிறேன். தைத்துக் கொடுத்தால் போதாதா என்று கேட்கிறவர்களிடமும் அதையேதான் சொல்கிறேன்.