தென்சிறகின் முதல் வீடு

தஞ்சாவூருக்கு வந்து ஒரு வருடம் ஆகிவிட்டது. தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் கல்வெட்டியலும் தொல்லியலும் முதுகலை படிக்கிறேன், இப்போது இரண்டாம் ஆண்டு. சொந்த ஊர் தாராபுரம் பக்கம். ஞாயிற்றுக்கிழமை போன் செய்தால் அம்மா கேட்கும் முதல் கேள்வி, "இந்த வாரம் என்ன கண்ணு படிச்சே?" ஆடிப்பெருக்குக்கு முந்தைய இந்த வாரத்தைப் பற்றி அம்மாவிடம் சொல்லத் தொடங்கி, போனில் சார்ஜ் தீர்ந்து பாதியில் நின்றுவிட்டது. அதனால் இங்கே முழுவதும் எழுதுகிறேன்.

திங்கள் காலை முதல் வகுப்பே பெரிய கோயில் கல்வெட்டு. ராஜராஜன் தன் 29ஆம் ஆட்சியாண்டு வரை கொடுத்ததைச் சொல்லும் நீண்ட கல்வெட்டு அது. தென்னிந்தியக் கல்வெட்டுகள் இரண்டாம் தொகுதியில் ஹுல்ஷ் பதிப்பித்தது, எண் 66. சோழ நாட்டுக் கோயில்கள் பலவற்றிலிருந்து 400 பெண்களைத் தஞ்சைக்குக் கொண்டுவந்து குடியமர்த்திய கணக்கு. தளி என்றால் கோயில். கோயிலை ஒட்டிய அவர்கள் குடியிருப்பு தளிச்சேரி. அவர்கள் தளிச்சேரிப் பெண்டுகள், கோயிலில் ஆடும் பணி செய்தவர்கள். எந்தத் தெரு, தெருவில் எந்தச் சிறகு, சிறகில் எத்தனையாவது வீடு, எந்த ஊர், எந்தக் கோயில், பெயர் என்ன, பங்கு எவ்வளவு என்று ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக எழுதியிருக்கிறார்கள். ஒரு பங்கு என்பது ஒரு வேலி நிலம், அதன் விளைச்சல் 100 கலம் நெல்.

'சிறகு' என்ற சொல்லைப் பேராசிரியர் விளக்கத் தொடங்கும்போதே கும்பகோணத்துத் தோழி கையைத் தூக்கினாள். "ஐயா, எங்க பாட்டி இப்பவும் வடக்குச் சிறகு, தெக்குச் சிறகுன்னுதான் சொல்வாங்க." தெருவின் ஒரு பக்கத்து வீட்டு வரிசைதான் சிறகு. எனக்கு அது அகராதியில் பார்க்க வேண்டிய சொல். அவளுக்கு வீட்டுப் பேச்சு. ஆயிரம் வருடத்துக்கு முந்தைய கணக்குப்பிள்ளையோடு நேராகப் பேசக்கூடியவள் ஒருத்தி என் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள்.

பட்டியலின் முதல் பெயரை என்னைப் படிக்கச் சொன்னார்கள். அச்சுப் புத்தகத்திலிருந்து அல்ல, படியின் (கல்லிலிருந்து தாளில் ஒற்றி எடுத்த பிரதியின்) புகைப்படத்திலிருந்து. கல்வெட்டில் மெய்யெழுத்துக்குப் புள்ளி இருக்காது. எகரத்துக்கும் ஏகாரத்துக்கும் ஒரே கொம்புதான். ரகரமும் காலும் பார்வைக்கு ஒன்று போலவே நிற்கும். அதனால் நான் 'சோமங்கை' என்று படித்தேன். கொம்பு, சகரம், அப்புறம் ஒரு கோடு. அந்தக் கோட்டை நான் காலாக எடுத்துக்கொண்டேன். "காலா, ரகரமான்னு அடுத்த சொல்லையும் சேர்த்துப் பார்த்துட்டு சொல்லும்மா" என்றார் பேராசிரியர். அது ரகரம். சேரமங்கை.

நக்கன் சேரமங்கை. நக்கன் என்பது சிவனின் பெயர். இந்தப் பெண்களின் பெயர்களுக்கு முன்னால் அது நிற்கும். தெற்குத் தளிச்சேரி, தென்சிறகு, தலைவீடு. வந்த இடம் திருவையாற்று ஓலோகமாதேவீச்சரம். பங்கு ஒன்று. அவளைப் பற்றி அவ்வளவுதான் இருக்கிறது. அடுத்த வீட்டில் இரணமுகராமி, அதற்கடுத்த வீடுகளில் உதாரம், பட்டாலி, எடுத்தபாதம். 'எடுத்தபாதம்' என்று ஒரு பெண்ணுக்குப் பெயர்! கூத்தனின் தூக்கிய திருவடியையே மகளுக்குப் பெயராக வைத்திருக்கிறார்கள்.

செவ்வாய்க்கிழமை முழுக்கப் படி எடுக்கும் பயிற்சி. துறைக்குப் பின்னால் மரத்தடியில் கிடக்கும் உடைந்த பலகைக்கல்தான் எங்கள் பயிற்சிக்கல். முதலில் கல்லை நீர் விட்டு, பிரஷ்ஷால் தேய்த்து, எழுத்துப் பள்ளங்களில் உள்ள மண்ணை எடுக்க வேண்டும். பிறகு நனைத்த வெள்ளைக் காகிதத்தை ஒரு மூலையிலிருந்து காற்றுக் குமிழி இல்லாமல் ஒட்டிக்கொண்டே வர வேண்டும். அப்புறம் நீண்ட மயிர் வைத்த பிரஷ்ஷால் தப், தப், தப் என்று அடிக்க வேண்டும். ஓங்கி அடித்தால் தாள் கிழியும், தயங்கி அடித்தால் பள்ளத்துக்குள் தாள் இறங்காது. முக்கால் ஈரம் போனதும், துணியில் பஞ்சு வைத்துக் கட்டிய உருண்டையை மையில் தொட்டு மெல்ல ஒற்ற வேண்டும்.

அந்தக் கணத்தை எத்தனை முறை பார்த்தாலும் எனக்குச் சலிக்காது. மை மேட்டில் மட்டும் ஒட்டும். பள்ளம் வெள்ளையாகவே நிற்கும். ஒன்றுமே இல்லாதது போலக் கிடந்த கல்லிலிருந்து, கறுப்புக்குள் வெள்ளையாக ஒவ்வொரு எழுத்தாகக் கண் திறக்கும். அன்று எங்களுக்குக் கிடைத்த வரி 'சாவா மூவாப் பேராடு தொண்ணூற்று' என்று வந்து, கல் உடைந்த இடத்தில் நின்றுவிட்டது. சாகாத, மூப்படையாத ஆடுகள். அணையாத நந்தாவிளக்கு நெய்யில் எரிய ஆடு கொடுப்பார்கள். ஒன்று செத்தால் குட்டியை வைத்து எண்ணிக்கையைக் காப்பது இடையரின் பொறுப்பு, அதனால் கணக்கில் மந்தைக்குச் சாவே இல்லை. பெரிய கோயிலில் விளக்குக்கு 96 ஆடு. ஆகவே 'ஆறு' என்று எழுதி முடித்துவிட்டேன். பேராசிரியர் அதை அடித்துவிட்டு, அந்த இடத்தில் மூன்று புள்ளிகளை வைத்தார். "உடைஞ்ச இடத்தில புள்ளி வைம்மா. உன் ஊகத்தை வைக்காதே." அந்தத் தாளை அறைச்சுவரில் ஒட்டி வைத்திருக்கிறேன்.

புதன்கிழமை சரஸ்வதி மகால் நூலகம். அரண்மனை வளாகத்துக்குள் நுழைந்ததுமே பழைய ஓலை வாசனை வருவது போல எனக்குத் தோன்றும். 1798 முதல் 1832 வரை ஆண்ட இரண்டாம் சரபோஜி சேர்த்துவைத்த செல்வம் அது. நான் பார்த்த சுவடிக் கட்டில் எழுத்து மங்கியிருந்த ஏட்டை எலுமிச்சைப்புல் எண்ணெய் தொட்டுத் துடைப்பது எப்படி என்று அங்கே ஒருவர் பொறுமையாக விளக்கினார். ஒரே நாளில் சொல்லி முடிக்கிற இடமில்லை அது, இன்னொரு தடவை தனியாக எழுத வேண்டும்.

வியாழன் மாலை நாங்கள் நாலு பேர் பெரிய கோயிலுக்குப் போனோம். ஊர்க்காரர்கள் காற்று வாங்க வருவது போலவே நாங்களும் போவோம். போய், விமானத்தின் அடித்தளத்தில் முட்டி போட்டுப் படிப்போம். சிலர் என்ன தேடுகிறோம் என்று கேட்பார்கள், அவர்கள் ஊர்ப் பெயர் எங்கேயாவது இருந்தால் காட்டுவோம். அன்றைக்கு ராஜராஜனின் ஆணையைப் படித்தோம். 26ஆம் ஆண்டு, 20ஆம் நாள். தான் தந்ததும், அக்கன் (அக்கா குந்தவை) தந்ததும், பெண்டுகள் (இங்கே தேவிமார்) தந்ததும், மற்றவர்கள் தந்ததும் எல்லாமே கல்லிலே வெட்டுக என்று வாய்மொழிந்த ஆணை. புத்தகங்களில் 'கொடுத்தன' என்று திருத்திப் போடுவார்கள். கல்லில் இருப்பது 'குடுத்தன'. எங்கள் அப்பத்தா சொல்லும் அதே குடுத்தது. எழுத்தை விரலால் தடவிப் பார்த்தேன். குகரம்தான், சந்தேகமே இல்லை. சக்கரவர்த்தியின் வாயிலிருந்து வந்ததோ, எழுதியவன் வாயிலிருந்து வந்ததோ, யாரோ பேசிய தமிழ் அப்படியே உள்ளே நிற்கிறது.

தளிச்சேரிப் பட்டியல் விமானத்தில் இல்லை; வடக்குத் திருச்சுற்றுச் சுவரின் வெளிப்பக்கம் இருக்கிறது. அங்கே போவதற்குள் இருட்டிவிட்டது. மொபைல் விளக்கை அடித்துத் தேடியும் சேரமங்கை கிடைக்கவில்லை.

வெள்ளிக்கிழமை கல்வெட்டு எண்களும் பின்னக் குறிகளும். அதைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை, மனப்பாடம்தான்.

சனிக்கிழமை விடுமுறை. கும்பகோணத்துத் தோழியும் நானும் பழைய பேருந்து நிலையத்தில் திருவையாற்றுப் பேருந்தில் ஏறினோம். சேரமங்கை கிளம்பிய கோயிலைப் பார்க்க வேண்டும் என்று திங்கள்கிழமையிலிருந்தே மனதில் ஓடிக்கொண்டிருந்தது. பதின்மூன்று கிலோமீட்டர்தான். கரந்தையில் வடவாறு, பள்ளியக்ரகாரம் பக்கம் வெண்ணாறு, பிறகு வெட்டாறு, கண்டியூரில் குடமுருட்டி, கடைசியில் காவிரி. ஐந்து பாலங்கள். மேட்டூர்த் தண்ணீர் வந்து ஐந்திலும் செம்மண் நிறத்தில் ஓடியது. அமராவதிக்கரையில் வளர்ந்த எனக்கு ஒரே பேருந்துப் பயணத்தில் ஐந்து ஆறு என்பது இன்னும் ஆச்சரியம்தான். ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி எண்ணிக்கொண்டே வந்தேன்.

ஐயாறப்பர் கோயிலில் தெற்குப் பிராகாரத்தில் ஒரு இடத்தில் நின்று குரல் கொடுத்தால் எதிரொலிக்கும். ஏழு முறை என்பார்கள். சின்னப் பையன்கள் "ஐயாறா!" என்று கத்திக்கொண்டிருந்தார்கள், நான் நாலு வரை எண்ணினேன். நாங்கள் தேடி வந்தது வடபக்கம். வடகயிலாயம் என்று இன்று சொல்லும் கோயில்தான் ஓலோகமாதேவீச்சரம். ராஜராஜனின் பட்டத்தரசி தந்திசக்தி விடங்கி என்ற உலகமாதேவி எடுப்பித்தது. தெற்கே இருந்த கூட்டம் இங்கே இல்லை. ஒரு பாட்டி மட்டும் நிழலில் உட்கார்ந்து பூத் தொடுத்துக்கொண்டிருந்தார். எங்கிருந்து வருகிறோம் என்று கேட்டார். தஞ்சாவூரிலிருந்து, கல்வெட்டுப் படிக்கிறோம், இந்தக் கோயிலிலிருந்து அந்தக் காலத்தில் தஞ்சாவூர் போன பொண்ணுங்க பேரு அங்கே கல்லில் இருக்கிறது என்றேன். நூலைப் பல்லால் கடித்து முடிச்சுப் போட்டுவிட்டு, "போனவங்க திரும்பி வந்தாங்களாம்மா?" என்று கேட்டார்.

பதில் தெரியாது. ஒருத்தி இறந்தால் அவள் வீட்டு நெருங்கிய உறவு அந்தப் பங்கைப் பெற்றுப் பணி செய்ய வேண்டும் என்று கல்வெட்டு சொல்கிறது. பங்குக்கு ஏற்பாடு இருக்கிறது. அவள் விரும்பிப் போனாளா, அழுதாளா, இந்தக் கோயில் தரையில் எத்தனை வயதில் ஆடக் கற்றாள் என்பதற்கெல்லாம் மூன்று புள்ளிகள்தான்.

அங்கிருந்து காவிரிக்கரையில் தியாகராஜர் சமாதிக்கு நடந்தோம். ஆராதனைக் கூட்டம் இல்லாத நாளில் அந்த இடம் ஆற்றுச் சத்தத்தோடு மட்டும் இருக்கிறது. சமாதிக்கு எதிரே கைகூப்பிய பெங்களூர் நாகரத்தினம்மாளின் சிலை. தேவதாசி மரபில் வந்தவர். தன் சொந்தச் சொத்தைப் போட்டு 1926இல் இந்தக் கோயிலை எழுப்பினார். அவர் கட்டிய இடத்திலேயே ஆராதனையில் பெண்கள் பாட அனுமதி இல்லை என்றார்கள். விடாமல் போராடி அதையும் மாற்றினார். சேரமங்கையையும் அவரையும் ஒரே நாளில், ஒரே ஊரில் நினைக்கும்படி அமைந்தது எனக்கு. தோழி எதுவும் பேசவில்லை. சிலைக்கு முன் கொஞ்ச நேரம் நின்று, மெல்லிய குரலில் ஒரு கீர்த்தனையின் பல்லவியை மட்டும் பாடினாள். அவள் பாடுவாள் என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

திருவையாறு போய் அசோகா சாப்பிடாமல் திரும்ப முடியுமா? பாசிப்பருப்பை வேகவைத்து மசித்து, கோதுமை மாவும் சர்க்கரையும் நெய்யும் சேர்த்துக் கிளறிய செக்கச்சிவந்த அல்வா. வாழையிலைத் துண்டில் சுடச்சுட வைத்துத் தருவார்கள். இலையில் நெய் ஓடிப் பச்சை மினுங்கும். வாயில் போட்டால் மெல்ல வேண்டியதில்லை. அறைத்தோழிகளுக்குக் கால் கிலோ கட்டி வாங்கினோம்.

ஞாயிறு விடிவதற்கு முன்பே பெரிய கோயில் வாசலில் இருந்தோம். ஆடி மாதத்தில் சூரியன் கிழக்கிலிருந்து கொஞ்சம் வடக்கே தள்ளி உதிக்கும். அதனால் மார்கழி, தை மாதங்களில் நிழலில் கிடக்கும் வடக்குச் சுவரில் காலை வெயில் பக்கவாட்டில் சாய்ந்து விழும். சாய்ந்த வெயில்தான் கல்வெட்டு படிக்கச் சரியான வெயில், ஒவ்வொரு பள்ளத்தின் ஒரு விளிம்பும் நிழல் பிடித்துக்கொள்ளும். சுவரோரம் பனியில் நனைந்த புல்லில் செருப்பைக் கையில் பிடித்தபடி, வரி வரியாகக் கண்ணை ஓட்டிக்கொண்டே நடந்தோம்.

தோழிதான் முதலில் 'தளிச்சேரி'யைப் பிடித்தாள். அங்கிருந்து நான் தொடர்ந்தேன். தென்சிறகு. தலைவீடு. திருவையாறு. பிறகு ந, க, க, ன, புள்ளி இல்லாமல். பிறகு கொம்பு, சகரம், ஒரு கோடு. இந்த முறை நிற்கவில்லை, ரகரம் என்று விரலே சொன்னது.

"சேரமங்கைக்குப் பங்கு ஒன்று" என்று சத்தமாகவே படித்தேன்.

"இரண்டாம் வீடு" என்றாள் அவள், சுவரை ஒட்டி ஒரு அடி நகர்ந்து. வெயில் ஏறி எழுத்துகள் மங்குவதற்குள் ஒன்பதாம் வீடு வரை போய்விட்டோம்.